சாரோஸ் கணக்கில் 2028 வருகிறது, ஆப்பில் காட்டவில்லை. எங்கே தப்பு?

பூதப்பாண்டி_வாத்தியார்:
அவசரம். நம்ம ஊருக்கு அடுத்த சூரிய கிரகணம் எப்போது என்று பிள்ளைகளே கணக்குப் போட்டு நாளைக்கு சார்ட் வைக்கிறார்கள். சாரோஸ் முறைப்படி (ஒரு கிரகணம் சுமார் 18 வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும் என்ற கணக்கு) 2028 ஜனவரி 26 வருகிறது. ஆப்பில் அந்த நாளில் நாகர்கோவிலுக்கு ஒன்றுமே இல்லை. மூன்று தடவை கூட்டிப் பார்த்தாச்சு. யாராவது சொல்லுங்கள்.

தக்கலைக்காரன்:
எந்த கிரகணத்திலிருந்து கூட்டினீர்கள் சார்? அதைச் சொல்லாமல் எப்படிப் பார்ப்பது?

முட்டம்_அலை:
ஆப்பில் இடம் சரியா? எனக்கு ஒருமுறை சென்னை என்று கிடந்தது. இல்லையென்றால் உலகப் பொது நேரத்துக்கும் (UTC) நம் நேரத்துக்கும் உள்ள ஐந்தரை மணி நேர வித்தியாசமாக்கும். எப்போதும் அதுதான் காலை வாரும்.

பூதப்பாண்டி_வாத்தியார்:
2010 ஜனவரி 15, நம்ம ஊரில் மத்தியானம் வளையமாகத் தெரிந்ததே, அதிலிருந்துதான். 18 வருஷம் 11 நாள் கூட்டினோம். இடம் நாகர்கோவில்தான்.

வானியல்_மூத்தவர்:
இதை இங்கே எத்தனை தடவை எழுதிவிட்டேன். பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. சாரோஸ் என்பது 223 அமாவாசை. அது 18 வருஷம் 11 நாளோடு முடியாது, மேலே 8 மணி நேரம் உண்டு. அடிப்படை.

தக்கலைக்காரன்:
மூத்தவரே, அதை நேராகவே சொல்லலாமே. வாத்தியாரே, விஷயம் இதுதான். அந்த 8 மணி நேரத்தில் பூமி இன்னும் மூன்றில் ஒரு பங்கு சுற்றிவிடும். 2010-இல் கிரகணத்தின் உச்சம் நம் நேரப்படி பகல் பன்னிரண்டரையை ஒட்டி. எட்டைக் கூட்டினால் இரவு எட்டரை. கிரகணம் நடக்கும், ஆனால் நமக்கு ராத்திரி. அதைத் தென் அமெரிக்காவும் ஸ்பெயினும் பார்க்கும்.

இப்போது 2009 ஜூலை 22-ஐ எடுங்கள். நமக்குக் காலையில் பகுதியாகத் தெரிந்தது. உலக அளவில் அதன் உச்சம் நம் நேரப்படி காலை எட்டு மணியளவில். 18 வருஷம் 11 நாள் 8 மணி கூட்டினால் 2027 ஆகஸ்ட் 2, மாலை நாலு மணி பக்கம். பகல்தான்! எகிப்தின் லக்சரில் ஆறு நிமிஷத்துக்கு மேல் முழு கிரகணம், நமக்குப் பகுதி. சாரோஸ் தேதியைத்தான் சொல்லும். எவ்வளவு மறையும் என்பதற்குத் தனிக் கணக்கு வேண்டும்.

சுசீந்திரம்_பஞ்சாங்கம்:
இதற்கு ஆப் எதற்கு? பழைய வாய்பாட்டு வாக்கியங்களை வைத்துக் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கக்காரர்கள் மனப்பாடமாகவே போட்டார்களே.

வானியல்_மூத்தவர்:
வாக்கியத்தில் பிழை சேர்ந்துகொண்டே போகும். திருத்திய கணக்கில் போடும் திருக்கணிதப் பஞ்சாங்கம்தான் வானத்தோடு ஒத்துப்போகும். இதில் விவாதமே கிடையாது.

சுசீந்திரம்_பஞ்சாங்கம்:
1825-இல் புதுச்சேரிப் பக்கம் ஒரு தமிழ்க் கணியர் சோழிகளைத் தரையில் வைத்தே சந்திர கிரகணம் கணித்ததை ஜான் வாரன் என்ற ஐரோப்பியர் எழுதி வைத்திருக்கிறார். தொடக்கத்தில் வெறும் 4 நிமிஷப் பிழை.

வானியல்_மூத்தவர்:
முடிவில் 52 நிமிஷம். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சுசீந்திரம்_பஞ்சாங்கம்:
ஒரு எழுத்துகூட எழுதாமல், நினைவிலிருந்து! அதைச் செய்தவரை நான் மதிக்கிறேன்.

முட்டம்_அலை:
அண்ணாச்சிமாரே, சண்டை அப்புறம். ஆகஸ்ட் தொடக்கம் தென்மேற்குப் பருவமழை. முட்டத்தில் மேகம் மூடினால் போச்சு. ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே போனால் வானம் திறந்திருக்க வாய்ப்பு அதிகம், காற்றுதான் பிடுங்கும்.

பூதப்பாண்டி_வாத்தியார்:
8 மணி நேரத்தைச் சின்ன எண் என்று நான்தான் விடச் சொன்னேன். பிள்ளைகள் 2009-ஐ வைத்துத் திருப்பிப் போட்டார்கள், சரியாக வந்தது. சார்ட்டை மாற்றியாச்சு. நன்றி.

தக்கலைக்காரன்:
அன்று திங்கட்கிழமை சார், பள்ளி விடும் நேரம். வெறுங்கண்ணால் பார்க்க விடாதீர்கள். அட்டையில் ஊசித் துளை போட்டு, சுவரில் பிறையை விழ வையுங்கள்.