நண்டு ஓட்டுத் துணுக்கும் சி-சார்ட்டும்: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

மண்டபம் க்யூசி:
நண்டு கம்பெனியில் தரம் பார்ப்பது என் வேலை. நீலக்கால் நண்டுச் சதையில் தங்கிவிடும் ஓட்டுத் துணுக்கைத் தட்டுத் தட்டாக எண்ணி சி-சார்ட்டில், அதாவது குறைகளின் எண்ணிக்கையைப் புள்ளி வைத்துப் பார்க்கும் வரைபடத்தில், போடுவேன். சராசரி 9, வர்க்கமூலம் 3, அதன் மூன்று மடங்கைக் கூட்டினால் மேல் எல்லை 18. அன்றைக்கு ஒரு தட்டில் 15 வந்தது. சதை எடுத்த அக்காவை மேனேஜர் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துத் திட்டிவிட்டார். கையுறையைக்கூடக் கழற்றாமல், விரல் நுனியில் சதை ஒட்டியபடி நின்றார் அவர். "எல்லைக்குள்தான் சார் இருக்கு, யார் எடுத்தாலும் எப்பவாவது 15 வரும்" என்று சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை. இன்னும் மனசு ஆறவில்லை.

ஜூனில் தடைக்காலம் முடிந்த சமயம், தொடர்ந்து எட்டுப் புள்ளி நடுக்கோட்டுக்கு, அதாவது சராசரி 9-க்கு, மேலேயே விழுந்தது. ஒன்றுகூட 18-ஐத் தாண்டவில்லை, ஆனால் தற்செயலாக எட்டும் ஒரே பக்கம் விழுவது அபூர்வம், விசாரிக்க வேண்டியது இதைத்தான். விசைப்படகு நண்டு நசுங்கி வருகிறது என்றார்கள். பார்த்தால், சோதனை மேஜையில் துணுக்கைத் தேட வைத்திருக்கும் நீல விளக்கை மாற்றிப் புதியது போட்டிருந்தார்கள். ஒரே தட்டைப் பழைய விளக்கில் காட்டிவிட்டுப் புதியதில் காட்டினேன். அதுவரை தெரியாத துணுக்கெல்லாம் பளிச்சென்று மின்னியது.

தொண்டி பைபர்:
தட்டெல்லாம் ஒரே எடையா? அதைச் சொல்லாமல் சி-சார்ட் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் பைபர் படகுப் பட்டறையில் அச்சிலிருந்து எடுத்ததும் மேல்பூச்சில் உள்ள ஊசித்துளைகளை எண்ணுவோம். பெரிய வல்லம் வந்தாலே, பரப்பு அதிகம் என்பதால், புள்ளி எல்லை தாண்டும். ரெசின் சரியில்லை என்று ஓனர் டிரம்மையே திருப்பி அனுப்பினார்.

அளவு மாறினால் யு-சார்ட்தான் போட வேண்டும். துளைகளைப் பரப்பால் வகுத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்குச் சராசரி 2 என்று வையுங்கள். 8 சதுர மீட்டர் படகுக்கு 2-ஐ 8-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.5, மூன்று மடங்கு 1.5, மேல் எல்லை 3.5. படகு 18 சதுர மீட்டர் என்றால் எல்லை 3-க்கு இறங்கிவிடும். பரப்பு கூடக்கூட எல்லை நெருங்கும், அதனால் கோடு படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும். அதைப் பார்த்துப் பயந்து சராசரிப் பரப்பு வைத்து நேர்கோடு போடாதீர்கள். கீழ் எல்லை மைனஸில் வந்தால் 0 என்று வையுங்கள்.

கீழக்கரை இறால்:
தொண்டிக்காரரே, மண்டபக்காரர் சொன்னது விளக்கைப் பற்றி, படகைப் பற்றி இல்லை. எங்களிடம் இறாலில் கரும்புள்ளியை எண்ணச் சொன்னார்கள். ஒருவர் ஒரே இறாலில் மூன்று புள்ளி என்று மூன்றாகப் போட்டார், அடுத்த ஷிப்டில் அதையே ஒரு கெட்ட இறால் என்று ஒன்றாகப் போட்டார்கள். சார்ட்டில் ஷிப்டுக்கு ஷிப்ட் ஏற்ற இறக்கம், சண்டை வேறு. மொத்தத்தில் எத்தனை பங்கு கெட்டது என்று பார்த்தால் பி-சார்ட், குறை எத்தனை என்றால் சி-சார்ட். இரண்டையும் ஒரே தாளில் கலக்கக் கூடாது.

மண்டபம் நண்பரே, விளக்கு மாற்றிய பிறகு எல்லையைப் புதிதாகப் போட்டீர்களா? பழைய 9, 18-ஐ வைத்தே ஓட்டினால், இனி வரும் புள்ளிக்கெல்லாம் சதை எடுக்கும் பெண்கள்தான் திட்டு வாங்குவார்கள். புது விளக்கில் எண்ணிய இருபது, இருபத்தைந்து தட்டு சேர்ந்ததும் சராசரியைத் திரும்ப எடுங்கள்.