மறுமொழி: ‘உணவுப் பாதுகாப்பு’ – ஒரே சொல் இரண்டு பொருளைச் சுமக்கலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். எல்லோருக்கும் எப்போதும் போதிய உணவு கிடைக்கும் நிலையை ஆங்கிலத்தில் food security என்கிறார்கள். தமிழில் இப்போது வழங்கும் ‘உணவுப் பாதுகாப்பு’க்குப் பதிலாக அதை ‘உணவு உறுதிப்பாடு’ என்று சொல்லலாம் எனச் சென்ற வாரம் நான் முன்மொழிந்ததற்கு வந்த மறுப்புகளைப் படித்தேன். ஒன்றை முழுமையாக ஏற்கிறேன். மற்றவற்றுக்கு என் பதில் இதோ.

> பழகிப்போன சொல்லை ஏன் கலைக்க வேண்டும்? ‘உணவுப் பாதுகாப்பு’ என்றால் எல்லோருக்கும் புரிகிறதே.

புரிகிறது ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரிகிறது. அதுதான் என் கவலை. பேரிடர்க் காலத்தில் மக்களின் உணவு, ஊட்டச்சத்து நிலை பற்றி வட்ட அளவிலான அலுவலர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். முதல் பகுதியை வைத்து ஒரு பயிற்சி நடந்தபோது அறையின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ‘புயலுக்கு முன் உங்கள் பகுதியில் உணவுப் பாதுகாப்புக்கு என்ன செய்வீர்கள்?’ என்பது கேள்வி. குடிநீரில் குளோரின் கலப்போம், சமையல்காரருக்குக் கையுறை தருவோம், பொட்டலங்களின் காலாவதித் தேதியைப் பார்ப்போம் என்று எழுதினார்கள். ஒவ்வொன்றும் செய்ய வேண்டியதுதான். ஆனால் எந்தெந்தக் குடும்பத்துக்கு எத்தனை நாள் கூலி போகும், எந்த ஊருக்குச் சாலை துண்டிக்கப்படும், அங்கே ரேஷன் கடையில் எத்தனை நாளுக்கு அரிசி இருக்கிறது என்று ஒருவரும் எழுதவில்லை. அவர்கள்மீது பிழை இல்லை. கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழங்களை உணவுப் பாதுகாப்புத் துறையினர் பறிமுதல் செய்தார்கள் என்று நாளிதழில் படிக்கிறவர்கள், அந்தச் சொல்லை அந்தப் பொருளில்தான் எடுத்துக்கொள்வார்கள்.

சட்டங்களிலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் கலப்படத்தையும் நஞ்சையும் பற்றியது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமோ மானிய விலைத் தானியத்துக்கான உரிமையைப் பற்றியது; ஊரகத்தில் 75 விழுக்காடு, நகரத்தில் 50 விழுக்காடு மக்கள் வரை அது எட்டுகிறது. முன்னது தட்டில் இருப்பது கெட்டதா என்று பார்க்கிறது. பின்னது தட்டில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறது. முன்னதை ‘உணவு பாதுகாப்பு’ என்று ஒற்றெழுத்து இல்லாமலும், பின்னதை ‘ப்’ போட்டும் எழுதி வேறுபடுத்தலாம் என்ற யோசனையை ஏற்க என்னால் முடியவில்லை. காதில் கேட்கிறவருக்கு அந்த வேறுபாடு நிற்காது.

1996இல் ரோமில் கூடிய உலக உணவு உச்சி மாநாடு food security என்ற கருத்தை வரையறுத்தது: எல்லா மக்களுக்கும், எல்லா நேரத்திலும், போதுமான, தீங்கற்ற, சத்துள்ள உணவு கையெட்டும் நிலை. தீங்கற்றதாக இருப்பது அதில் ஒரு கூறு மட்டுமே. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. தென்னம்பிள்ளை நட்டால் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். தேங்காய் விற்ற காசில் பருப்பும் மீனும் வாங்கிய வீட்டில், கடையில் பருப்பு இருந்தும் வாங்கக் காசில்லை. இந்த நிலையைப் ‘பாதுகாப்பின்மை’ என்றால் உணவு கெட்டுப்போனதாகத்தான் பொருள்படும். என்னைப் பொறுத்தவரை சொல்லைச் சோதிக்க வேண்டிய இடம் இந்த எதிர்மறை வடிவம்தான்.

> ‘உணவுத் தன்னிறைவு’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

கூடாது அம்மா. சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது. தன்னிறைவு அங்கே இல்லை, ஆனால் மக்கள் பசியோடு படுக்கவில்லை. 1943 வங்கப் பஞ்சத்திலோ சந்தையில் அரிசி இருந்தும் கூலியாட்களுக்கு அதை வாங்க வழியில்லாமல் போனதைப் பொருளியலாளர் அமர்த்தியா சென் விரிவாகக் காட்டியிருக்கிறார். விளைச்சலை மட்டும் எண்ணுகிற சொல் நமக்கு உதவாது.

> இலங்கையில் ‘உறுதிப்பாடு’ என்பது தளம்பாத நிலையைக் குறிக்கிறது. விலை உறுதிப்பாடு, நிதியியல் முறைமை உறுதிப்பாடு என்று மத்திய வங்கியே எழுதுகிறது.

நான் ஏற்றுக்கொண்ட மறுப்பு இதுதான். இந்தக் கருத்துக்கு நான்கு தூண்கள் சொல்கிறார்கள். அவற்றில் நான்காவதே தளம்பாமை, அதாவது ஏறி இறங்காமல் நிலைத்திருப்பது. முழுமைக்கும் அதன் பகுதிக்கும் ஒரே பெயர் வைத்தால் பழைய குழப்பம் வேறு வழியாக வந்து சேரும். ‘உணவுக் காப்புறுதி’யும் ஆகாது, ஈழத்தில் காப்புறுதி என்பது இங்கே நாம் காப்பீடு என்பதைத்தான் குறிக்கிறது.

ஆகவே ‘-ப்பாடு’ என்ற விகுதியை விட்டுவிட்டு, ‘உணவு உறுதி’ என்று சுருக்கமாக வைக்கலாம் என்கிறேன். உறுதி என்றால் வாக்குறுதி அல்லவா, இதுவோ ஒரு நிலை அல்லவா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். உடல் உறுதி, மன உறுதி என்கிறோமே, அவை நிலைகள்தாமே? ‘வேலை உறுதி’ என்ற வழக்கில் உரிமை என்ற பொருளும் இருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அதுவும் பொருந்தும். ‘உணவு உறுதியின்மை’, ‘உணவு உறுதி குன்றிய குடும்பங்கள்’, ‘ஊட்ட உறுதி’ என்று சொல் தடையில்லாமல் விரிகிறது. நான்கு தூண்களையும் கிடைப்பு, பெறுவழி, பயன்கொள்ளல், நிலைப்பு என்று எழுதிப் பார்த்திருக்கிறேன். சட்டத்தின் பெயரில் கைவைக்க நமக்கு உரிமையில்லை. அதை அப்படியே விட்டு, அது முதலில் வரும் இடத்தில் ஒரு விளக்கம் தரலாம்.

கையேட்டில் வரும் இன்னொரு கருத்தான, அரசின் திறனை வளர்ப்பது (capacity building) பற்றிச் சுருக்கமாக: ‘திறன் மேம்பாடு’ இளைஞர்களின் தொழிற்பயிற்சிக்குப் போய்விட்டது. இங்கே பேசப்படுவது ஆளின் கைத்திறன் மட்டுமல்ல. கிடங்கு, குடும்பப் பட்டியல், முன்பணம், மேலிடத்தின் ஒப்புதலுக்குக் காத்திராமல் லாரியை அனுப்பும் அதிகாரம் எல்லாம் சேர்ந்தது. ‘செயலாற்றல் வளர்ப்பு’ என்று எழுதியிருக்கிறேன். ஈழ நண்பர்களின் ‘இயலளவு’ எனக்குப் பிடித்திருக்கிறது. தமிழக அலுவலர்கள் ஒரே வாசிப்பில் புரிந்துகொள்வார்களா என்றுதான் தயங்குகிறேன். பேரிடருக்கு முன்கூட்டியே தயாராக இருப்பதைக் குறிக்க ‘ஆயத்தநிலை’ போதும். ‘முன்னெச்சரிக்கை’யை வானிலை அறிவிப்புக்கு விட்டுவிடுவோம்.

கையேட்டின் இரண்டாம் பகுதி இம்மாத இறுதியில் அச்சுக்குப் போகிறது. ‘உணவு உறுதி’க்கு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். குறிப்பாக, ரேஷன் கடையிலோ அங்கன்வாடியிலோ பணிபுரியும் உறவினர் யாரேனும் இருந்தால், விளக்கம் எதுவும் சொல்லாமல் இந்தச் சொல்லை அவர்களிடம் கொடுத்து, என்ன புரிந்தது என்று கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கையேட்டின் மொழிபெயர்ப்பாளர்