வீட்டு வாடகை இரண்டு மாதம் பாக்கி, வட்டிக்கு வாங்கிக் கட்டலாமா?

மாடிப்போர்ஷன்:
கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் மாடியில் ஏழு வருடமாகக் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு ஓசூர் சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை, பிடித்தம் போக கையில் 15,000 சொச்சம் வரும். தை மாதம் ஒருநாள் நைட் ஷிப்ட் முடித்து வந்து பல் துலக்கிக்கொண்டிருந்தார், பிரஷ் கையிலிருந்து நழுவியது, குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கவாதம். வலது கை, வலது கால் இரண்டும் வரவில்லை. 11 நாள் தனியார் ஆஸ்பத்திரியில் இருந்ததில் நகை அடகுக்குப் போனது, அண்ணனிடம் கைமாற்று, அதுவும் போதாமல் குழுக் கடன். வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் மாடிக்குத் தூக்கிவந்தார்கள்.

வாடகை 6,000. அட்வான்ஸ் 50,000 கொடுத்திருக்கிறோம். ஹவுஸ் ஓனர் நல்ல மனிதர்தான், ஆனால் போன வாரம் "மாசக் கடைசிக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் கீழே கேட் சத்தம் கேட்டாலே மிக்சியை நிறுத்திவிடுகிறேன், வீட்டில் ஆள் இல்லாத மாதிரி. பையனுக்குப் பத்தாவது பரீட்சை வருகிறது. நான் வீட்டில் தைத்துக்கொண்டிருந்தேன், இவரைப் பார்த்துக்கொள்வதில் அதுவும் நின்றுவிட்டது. தெரிந்தவர் ஒருவர் ஐந்து வட்டிக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கிக் கட்டிவிடலாமா?

தகடூர்க்காரன்:
அக்கா, வேண்டாம். 12,000 வாங்கினால் மாதம் 600 வட்டி மட்டும், அசல் அசையாது, அடுத்த மாத வாடகைக்கு மறுபடி யாரிடம் போவீர்கள்? தருமபுரியில் எங்கள் அப்பா விழுந்தபோது நாங்கள் செய்த தப்பு அதுதான், அவர் எழுந்து நடந்தும் வட்டி நிற்கவில்லை. அட்வான்ஸ் 50,000 உங்கள் பணம்தானே? எட்டு மாத வாடகைக்கு மேல் இருக்கிறது. அதில் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். ஒத்துக்கொண்டால் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள், பின்னால் கணக்கில் மனஸ்தாபம் வராது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் எடுத்து வையுங்கள்.

ஓசூர்ஷிப்ட்:
அந்த அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்கவேண்டும், இவர் சம்பளத்துக்கு அது தாண்டும். இப்போது சம்பளமே இல்லை என்று விஏஓவிடம் சொல்லி வருமானச் சான்றுக்குக் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் அது ஆஸ்பத்திரிச் செலவுக்கு, வாடகைக்கு ஒரு ரூபாய் வராது.

அதைவிட முக்கியம், சிஸ்டர், சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் பிடித்திருக்கிறார்களா பாருங்கள். கான்ட்ராக்ட் ஆளுக்கும் உண்டு. பிடித்திருந்தால் உடம்பு சரியில்லாமல் வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சராசரி சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை, அவர் பேங்க் கணக்குக்கே வரும். 17,000 மொத்தச் சம்பளம் என்றால் மாதம் 11,900 ஆகிறது, வாடகை போக அரிசி பருப்புக்கும் நிற்கும். அதற்கு ஆறு மாதக் கணக்கில் குறைந்தது 78 நாள் சம்பளத்துக்குப் பிடித்தம் போயிருக்கவேண்டும். பக்கவாதத்தில் ஒரு பக்கம் செயலிழப்பது இஎஸ்ஐயின் 34 நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது, இரண்டு வருடம் வேலையில் இருந்து பிடித்தமும் ஒழுங்காகப் போயிருந்தால் 91 நாளுக்குப் பிறகும் 80 சதவீதம் தொடரும். இதைக் கான்ட்ராக்டர் தானாக வந்து சொல்லமாட்டார். என்னுடன் லைனில் இருந்த ஒருவருக்கு யாரும் சொல்லாமல் எட்டு மாதம் ஓடிப்போனது.

கீழ்வீட்டம்மா:
நான் ஓனர் பக்கம். காவேரிப்பட்டணத்தில் இரண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறேன். வாடகை நின்றால் எனக்கும் கஷ்டம்தான், இந்த வாடகையில்தான் என் மாத்திரையும் ஓடுகிறது. ஆனாலும் ஆள் ஒளிந்துகொண்டால்தான் எரிச்சல் வரும், நேரில் வந்து உட்கார்ந்து இந்த மாதம் இவ்வளவு, மீதி இந்தத் தேதி என்று சொன்னவரை நான் இதுவரை காலி செய்யச் சொன்னதில்லை. மிக்சியை நிறுத்தாதே தாயி, நீயே இறங்கிப் போய்ப் பேசு.

சட்டமும் தெரிந்துகொள். 2019இல் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி இரண்டு மாதப் பாக்கிக்கு ஓனர் நோட்டீஸ் கொடுக்கலாம், வந்த ஒரு மாதத்துக்குள் கட்டிவிட்டால் அந்தப் பாக்கியைக் காட்டி உன்னை வெளியேற்ற முடியாது. தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் கூடாது. இதைச் சண்டைக்கு எடுத்துக்கொண்டு போகாதே, மனதில் வைத்துக்கொள். இன்னொன்று, பரீட்சை முடிந்ததும் தரைத்தளமாகப் பார். அவர் நடக்கப் பழகவேண்டுமே, மாடியில் எத்தனை நாள்?

தகடூர்க்காரன்:
அம்மா சொல்வது சரி. அப்புறம் மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வந்து தருவார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவையுங்கள். 2021இல் அந்தத் திட்டத்தைத் தொடங்கியதே உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். ஆட்டோக் காசு மிச்சம்.

மாடிப்போர்ஷன்:
எல்லாருக்கும் நன்றி. பீரோவில் டிசம்பர் சம்பளச் சீட்டு கிடைத்தது, இஎஸ்ஐ என்று 128 ரூபாய் போட்டிருக்கிறது. நான்கு வருடமாக இந்தக் கம்பெனிதான். நேற்று கீழே போய்ப் பேசிவிட்டேன், பாதிப் பேச்சில் அழுகை வந்துவிட்டது, ஓனர் அம்மா காபி கொடுத்தார்கள். பாக்கி இரண்டு மாதத்தையும் வரும் இரண்டு மாதத்தையும் அட்வான்ஸில் கழிக்கிறேன் என்கிறார், பரீட்சைக்குப் பிறகு வேறு வீடு பார்க்கச் சொன்னார். வட்டிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. இஎஸ்ஐ மருந்தகத்துக்கு இவரையும் கூட்டிப் போகவேண்டுமா? படியிறக்க மறுபடி நான்கு பேரைத் தேடவேண்டும்.

ஓசூர்ஷிப்ட்:
முதலில் நீங்கள் மட்டும் போங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, இஎஸ்ஐ நம்பர், ஆதார், பேங்க் பாஸ்புக், எல்லாவற்றிலும் இரண்டு ஜெராக்ஸ். ஆளைப் பார்க்கவேண்டும் என்றால் அவர்களே சொல்வார்கள். காலையிலேயே போய்விடுங்கள்.