மினியாபொலிஸ் அருகே கைரேகை எடுக்க நல்ல இடம் தெரியுமா?

வணக்கம். கனடா நிரந்தரக் குடியிருப்பு விண்ணப்பத்துக்கு என் கணவருக்கு எஃப்.பி.ஐ. தரும் குற்றப் பின்னணிச் சான்றிதழ் தேவைப்படுகிறது. அதற்குக் கட்டணம் 18 டாலர்தான், சிக்கலெல்லாம் விரலில். பல வருடம் உணவகச் சமையலறையில் பாத்திரமும் சூடுமாக உழைத்ததில் ரேகைகள் தேய்ந்துவிட்டன. மின்னணுக் கருவி படிக்க மறுக்கிறது.

எனவே எஃப்.டி.-258 என்ற கைரேகை அட்டையில், மை தடவி, பொறுமையாக உருட்டி எடுக்கத் தெரிந்தவர் வேண்டும். எங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் உள்ளூர்வாசிகளுக்கு மட்டும்தானாம். அவர் ஓட்டுநர் உரிமத்தில் இன்னும் பழைய முகவரியே இருப்பதால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே சன்னலில் கைத்துப்பாக்கி வாங்கும் அனுமதிக்கு மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மினசோட்டாவில் அதற்குக் கட்டணமே கிடையாது! கைரேகைக்குத்தான் காசு.

வெளியூர்க்காரர்களுக்கும் எடுத்துத் தரும் காவல் நிலையமோ ஷெரீப் அலுவலகமோ தெரியுமா? மாலையிலோ சனிக்கிழமையிலோ திறந்திருந்தால் மிகவும் நல்லது. அவருக்குப் பகலில் விடுப்பு கிடைக்காது. முகவரிக்கு வாடகை ஒப்பந்தத்தை ஏற்பார்களா? ஒரே தடவையில் இரண்டு அட்டை எடுத்துத் தருவார்களா? ஒன்று நிராகரிக்கப்பட்டால் மற்றதை அனுப்பலாமே.

தேய்ந்த ரேகையோடு யாருக்காவது சான்றிதழ் கிடைத்திருந்தால், முன்கூட்டி விரல்களுக்கு என்ன செய்தீர்கள் என்றும் எழுதுங்கள். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார் மாமியார். எனக்கு நம்பிக்கையில்லை.