இரண்டாம் நாள் ராத்திரியும் தாய்ப்பாலும்

வடசென்னையில் ஒரு பிரசவ வார்டில் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் வார்டில் தாய்மார்கள் அதிகம் அழுவது குழந்தை பிறந்த இரண்டாம் நாள் ராத்திரியில்தான். "பால் ஊறவே இல்லக்கா" என்பார்கள்.

ராயபுரத்துப் பெண் ஒருத்திக்குச் சிசேரியன். பால் ஊறட்டும் என்று மாமியார் காசிமேட்டில் பால் சுறா மீன் வாங்கி, புட்டு செய்து எடுத்து வந்துவிட்டார். பாசம்தான். ஆனால் மார்பில் வந்தது மஞ்சளாகச் சில சொட்டுகள். "பவுடர் பால் வாங்கியாரவா சிஸ்டர்?" என்றார்.

அந்த மஞ்சள் சொட்டுதான் சீம்பால். முதல் நாளில் மொத்தமாகச் சில ஸ்பூன்தான் சுரக்கும், குழந்தைக்கும் அவ்வளவு போதும். நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரொஜெஸ்டிரோன் என்ற கர்ப்பகால ஹார்மோன் மளமளவென்று இறங்கும். அதுவரை அதனால் அடங்கியிருந்த புரோலாக்டின் என்ற பால் சுரக்கவைக்கும் ஹார்மோன் அதன்பிறகுதான் முழு வேலையைத் தொடங்கும். மார்பு கனத்துப் பால் பெருகுவதைத் தாய் உணர இரண்டு, மூன்று நாள் ஆகும். சிசேரியன் என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகலாம். அந்தப் பெண்ணுக்கு மூன்றாம் நாள் சாயங்காலம் பால் கட்டிக்கொண்டு வலியே வந்துவிட்டது.

பிற்பாடு நாளைக்கு ஏறக்குறைய 750 மில்லி சுரக்கும், அதாவது மணிக்கு 30 மில்லி அளவு. ஆனால் இது ஒரே சீராக ஓடாது. மார்பு காலியானால் சுரப்பு வேகமெடுக்கும், நிரம்பிக் கிடந்தால் மந்தமாகும். இறைத்த கிணறு ஊறும் என்பது இதற்கு அப்படியே பொருந்தும். ராத்திரியில் புரோலாக்டின் கூடுதல் என்பதால் அந்த நேரத்துப் பாலூட்டலைத் தவிர்க்கவே கூடாது என்று எல்லோரிடமும் கெஞ்சுவேன்.

இன்னொரு பெண்ணை மறக்கவே முடியவில்லை. குறைமாதக் குழந்தை இன்குபேட்டரில். இவள் பம்ப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், மார்பு கல்லாய் இருக்கிறது, ஒரு சொட்டு வரவில்லை. பால் உள்ளே இருக்கிறது, அதை வெளியே தள்ளும் ஆக்சிடோசின்தான் வரவில்லை. குழந்தை சப்பினால் ஒரு நிமிஷத்துக்குள் சுரந்துவிடும் ஹார்மோன் அது, சில நிமிஷத்தில் ரத்தத்திலிருந்து குறைந்தும் விடும். வலியும் பயமும் இருந்தால் பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் அதைத் தடுத்துவிடும். "இங்க பாரும்மா" என்று அவள் போனில் இருந்த குழந்தையின் வீடியோவைப் போட்டுக் காட்டினேன், முதுகை நீவிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் புட்டியில் பால் சொட்ட ஆரம்பித்தது. அவள் அப்போதும் அழுதாள், நானும்தான்.

அதனால்தான் சுற்றி நின்று "பால் வருதா, வருதா?" என்று கேட்கும் சொந்தக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. நிம்மதியாக உட்கார ஓர் இடம் வேண்டும். 2015-இல் தமிழகப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

பால் போதுகிறதா என்பதைக் குழந்தையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினமும் ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். முதலில் எடை கொஞ்சம் குறையும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். மூன்று நாள் தாண்டியும் மார்பு கனக்கவே இல்லையென்றால் உடனே டாக்டரைப் பாருங்கள். தைராய்டு கோளாறு, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, உள்ளே தங்கிவிட்ட நஞ்சுக்கொடித் துண்டு, இதில் எதுவும் காரணமாக இருக்கலாம்.