துரையப்பா மீது பாய்ந்த குண்டு: அரசு அடித்தது மட்டும்தான் காரணமா?

பனங்கூடல்:

போன வாரம் வேறொரு பேச்சின் நடுவில் மதுரைச் செழியன், "சிங்கள அரசு அடித்தது, ஈழத்து இளைஞர்கள் திருப்பி அடித்தார்கள், இதில் ஆராய ஒன்றும் இல்லை" என்று எழுதியிருந்தார். ஆராய நிறைய இருக்கிறது என்பது என் எண்ணம். அதனால் தனியாகத் தொடங்குகிறேன்.

அரசு அடித்ததை நான் மறுக்கவில்லை. 1956 ஜூன் 5 அன்று, சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழி ஆக்கிய தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துக் கொழும்புக் காலிமுகத்திடலில் உட்கார்ந்திருந்தவர்களைக் காடையர்கள் அடித்தபோது பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. அங்கிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது, சரி. ஆனால் எங்கள் பெடியள், ஆயுதம் எடுத்த இளைஞர்கள், செய்த முதல் பெரிய அரசியல் கொலை எது? 1975 ஜூலை 27, பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயில். கும்பிடப் போன யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பாவைச் சுட்டார்கள். தமிழர். ஊரார் வாக்குப் போட்டு ஒரு காலத்தில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மனிதர். கொழும்பு அடித்ததற்கு யாழ்ப்பாணத்துத் தமிழர் ஏன் சாக வேண்டும்?

துவக்குக்கு (துப்பாக்கிக்கு) முன்னால் ஒரு சொல் வந்துவிட்டது. துரோகி. துரையப்பாவைப் போல அரசாங்கக் கட்சியில் இருந்த தமிழர் அத்தனை பேரையும் தமிழரசுக் கட்சி மேடைகளும், பிறகு தமிழர் விடுதலைக் கூட்டணி மேடைகளும் அப்படித்தான் அழைத்தன. அந்தக் காலத்துக் கூட்டம் ஒன்றுக்கு மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு ஒன்பது வயது. பேச்சு உச்சத்துக்குப் போனபோது ஒரு பெடியன் மேடைக்கு ஏறி, பிளேடால் பெருவிரலைக் கீறி, தலைவரின் நெற்றியில் இரத்தப் பொட்டு வைத்தான். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. தலைவர் அந்தப் பொட்டைத் துடைக்காமலே மீதிப் பேச்சைப் பேசி முடித்தார். அவருக்குத் "துரோகி" என்பது தேர்தல் பேச்சு. பெருவிரலைக் கீறிய பெடியனுக்கு அது தீர்ப்பு.

மதுரைச் செழியன்:

ஐயா, நீங்கள் பார்த்ததை நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அடிபட்டவனிடம் போய் "நீ ஏன் கெட்ட வார்த்தை பேசினாய்" என்று கேட்பது போலிருக்கிறது. இடையில் இருக்கும் 19 ஆண்டுகளை ஒரே தாவில் தாண்டிவிட்டீர்கள்.

1957-இல் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் ஒப்பந்தம் போட்டார்கள். மறு ஆண்டே பிக்குகள் பிரதமர் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள், ஒப்பந்தம் போயிற்று, கலவரம் வந்தது. 1961-இல் வடக்கிலும் கிழக்கிலும் கச்சேரிகளை (மாவட்ட அரசு அலுவலகங்களை) மறித்து நடந்த சத்தியாக்கிரகத்தை இராணுவத்தை விட்டுக் கலைத்தார்கள். 1965-இல் அடுத்துப் பிரதமரான டட்லி சேனநாயக்காவோடு இன்னொரு ஒப்பந்தம், அதுவும் போயிற்று. எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் என்ற முறை வந்து, கூடுதல் மதிப்பெண் எடுத்த தமிழ்ப் பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு வெளியே நின்றது. 1972 அக்டோபரில் செல்வநாயகம் பதவியைத் துறந்து "மக்களிடம் கேட்டுப் பாருங்கள்" என்றார். அந்தக் காங்கேசன்துறை இடைத்தேர்தலை நடத்தவே இரண்டு ஆண்டுக்கு மேல் இழுத்தடித்தார்கள். 1975 பிப்ரவரியில் நடந்தது, அவர் பெரிய வெற்றி பெற்றார், அப்போதும் ஒன்றும் மாறவில்லை. அதே ஆண்டு ஜூலையில் துரையப்பா.

வாக்குச்சீட்டைக் குப்பையில் போட்டவனை விட்டுவிட்டு மேடைப் பேச்சைப் பிடித்துக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கல்லடிப் பாலம்:

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். செழியன் தம்பி பிக்குகளைப் பற்றி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தலைவர் சொன்ன சொல்லைத் தொண்டர் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது என்று பனங்கூடல் அண்ணன் சொல்வது சிங்களப் பக்கத்தில்தான் முதலில் நடந்தது.

"24 மணி நேரத்தில் சிங்களம்" என்று சொல்லி 1956-இல் பண்டாரநாயக்கா ஆட்சிக்கு வந்தார். ஊர் ஊராகப் போய் அவருக்கு வாக்குக் கேட்டவர்கள் பிக்குகள். முன்னணியில் நின்றவர் களனி விகாரைத் தலைமைப் பிக்கு புத்தரக்கித தேரர். ஒக்ஸ்போர்டில் படித்த பண்டாரநாயக்காவுக்கு அந்த முழக்கம் ஏறுவதற்கு ஓர் ஏணி. ஏறிய பிறகு தமிழரோடு பேசி ஒரு சமரசத்துக்கு வரலாம் என்று கணக்குப் போட்டார். முழக்கத்தை உண்மை என்று நம்பியவர்கள் விடவில்லை. 1959 செப்டம்பர் 25 காலை, பிக்கு என்பதால் எழுந்து கும்பிட்டு வரவேற்ற பண்டாரநாயக்காவைச் சோமராம தேரர் காவி உடைக்குள் மறைத்து வைத்திருந்த கைத்துப்பாக்கியால் சுட்டார். மறுநாள் அவர் இறந்தார். சதிக்குத் தலைமை தாங்கியவர் என்று நீதிமன்றம் தண்டித்தது அதே புத்தரக்கித தேரரை. அவருக்கு வியாபாரக் கோபங்களும் இருந்தன என்பது வழக்கில் வந்தது, அதையும் சொல்லவேண்டும். ஆனாலும் அரசு ஒடுக்கியதால் சுட்டார்கள் என்று இங்கே சொல்லமுடியுமா? அரசாங்கமே அவர்கள் கொண்டு வந்ததுதானே!

ஜே.வி.பி. என்ற சிங்கள இடதுசாரிக் கிளர்ச்சி இயக்கத்தையும் பாருங்கள். 1971 ஏப்ரலில் எழுந்தவர்கள் படித்து வேலையில்லாத சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள். அரசு ஆயிரக்கணக்கில் கொன்றது. 1987-க்குப் பிறகு இரண்டாவது முறை வந்தபோது அவர்களும் தங்கள் ஆட்களைத்தான் தேடிப் போனார்கள். 1987-இல் இந்தியாவோடு செய்த ஒப்பந்தத்தை ஆதரித்த விஜய குமாரதுங்கவை 1988 பிப்ரவரியில் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டார்கள். அவர் இடதுசாரி, சிங்கள மக்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய நடிகர்.

மதுரைச் செழியன்:

பண்டாரநாயக்கா கதைக்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் அவர் ஆளும் பக்கம், எங்கள் மக்கள் ஆளப்பட்ட பக்கம். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். 1979-இல் பயங்கரவாதத் தடைச் சட்டம், 1981-இல் யாழ் நூலகத்தில் எரிந்த 97,000 நூல்கள், 1983 ஜூலையில் தமிழர் மீது நடந்த கலவரம். இவ்வளவும் நடந்த பிறகு ஆயுத இயக்கத்துக்குப் போன பையன் எந்த மேடைப் பேச்சைக் கேட்டுப் போனான்? வீடு எரிந்ததைப் பார்த்துப் போனான்.

பனங்கூடல்:

ஏன் போனான் என்பதற்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. 83-இல் என் வகுப்பில் பாதிப் பேர் போனார்கள், ஒருவனையும் நான் குறை சொல்லமாட்டேன். போனவன் உள்ளே என்ன ஆனான் என்பதற்குத்தான் வீடு எரிந்தது பதில் ஆகாது.

1986-இல் புலிகள் டெலோ என்ற இன்னொரு தமிழ் இயக்கத்தை அழித்தபோது செத்தவர்களும் வீடு எரிந்ததைப் பார்த்துப் போன பிள்ளைகள்தான். 1989 ஜூலை 13 அன்று கொழும்பில் கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கத்தின் வீட்டுக்கு விருந்தாளிகளாக வந்த இயக்கத்தவர்கள் அவரையும் கட்சித் தோழர் யோகேஸ்வரனையும் சுட்டார்கள். இரத்தப் பொட்டு வாங்கிய நெற்றிகளில் அமிர்தலிங்கத்தின் நெற்றியும் ஒன்று. 1990 அக்டோபரில் ஊரைவிட்டுப் போக யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குப் புலிகள் கொடுத்தது இரண்டு மணி நேரம். அவர்கள் எந்த நூலகத்தை எரித்தார்கள்?

நிலாவரை:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா என்று யோசித்தேன்.

அம்மா யாழ்ப்பாணத்தில் ஆசிரியை. எண்பதுகளில் ஒரு விடியற்காலை பள்ளிக்கூடம் போகிற வழியில் லைட் போஸ்டில் ஓர் ஆளைக் கட்டிவைத்துச் சுட்டிருந்தார்களாம். கழுத்தில் மட்டை. அதில் பெயர் இல்லை, "சமூக விரோதி" என்று மட்டும். ஊரில் கோழியும் சைக்கிளும் களவெடுக்கிறவன் என்று பேர் எடுத்த ஆள். அன்றைக்கு ஆசிரியர் அறையில் எல்லோரும் சொன்னது, "இனிக் களவு குறையும்." அம்மாவும் சொன்னாராம். அடுத்த மாதங்களில் வேறு போஸ்டுகளில் வேறு ஆட்கள். மட்டையில் சொல் மாறி "துரோகி" ஆனது. அதற்குள் யாரும் ஒன்றும் கேட்க முடியாத நிலை வந்துவிட்டது. கேட்டால் கேட்கிறவரும் துரோகி.

செழியன் தம்பி, அடித்தவன் அரசு என்பதில் என் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அண்ணாவை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது, திரும்பவில்லை. ஆனால் அம்மா கடைசிவரை சொல்லி அழுதது அண்ணாவைப் பற்றி மட்டும் இல்லை. அந்தக் கோழிக்கள்ளனைப் பற்றியும்தான்.

மதுரைச் செழியன்:

அக்கா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. வெளியிலிருந்து வாசித்துத் தெரிந்துகொண்டவன் நான்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1977-இல் 18 இடங்களில் வென்று கூட்டணி எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது. 1983 ஆகஸ்டில் ஆறாம் திருத்தம் கொண்டு வந்து, பிரிவினை கேட்கமாட்டேன் என்று சத்தியம் செய் என்றார்கள். கூட்டணியினர் மறுத்தார்கள், நாற்காலிகள் போயின. அமிர்தலிங்கத்தைச் சுட்டது இயக்கம். அதற்கு ஆறு ஆண்டு முன்னாலேயே அவர் பேச்சுக்கு மதிப்பில்லாமல் ஆக்கியது அரசு.

பனங்கூடல்:

ஆறாம் திருத்தத்தை நான் விட்டுவிட்டது பிழைதான். 83 ஆகஸ்டுக்குப் பிறகு தேர்தல் என்று பேசிய ஆளை ஊரில் ஒருவரும் காது கொடுத்துக் கேட்கவில்லை, அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாமா கூட்டணி உறுப்பினர் அட்டையை அரிசிப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தார். இராணுவம் வந்தால் காட்டக்கூடாது, பெடியள் வந்தாலும் காட்டக்கூடாது.