சுங்கை சிப்புட் குடும்பக் குழு: பொருளாளர் விஷயம்

பெரிய மாமா: வணக்கம். கோயில் பொருளாளராக நம் மாப்பிள்ளையைப் போட்டாச்சு. ஞாயிறு காலை 10 மணிக்குக் கூட்டம், எல்லாரும் வந்து கை தூக்கிவிட்டுப் போங்கள். சாப்பாடு உண்டு.

அக்கா: போட்டாச்சா?

ஈப்போ சித்தி: வாழ்த்துகள் மாப்பிள்ளை 🙏🙏

சின்ன மாமா: யாரைக் கேட்டு அண்ணே

பெரிய மாமா: தலைவருக்கு அந்த உரிமைகூட இல்லையா

கேஎல் தம்பி: மாமா, பெயர் சொல்வது தலைவர் வேலை, ஏற்பது சபை வேலை. அமெரிக்காவில் அமைச்சரோ தூதரோ உச்ச நீதிமன்ற நீதிபதியோ, அதிபர் பெயரைத்தான் அனுப்ப முடியும், அங்கத்து மேலவையான செனட் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்டால்தான் நாற்காலி. அதற்கு முன்னால் ஒரு குழு ஆளை எதிரில் உட்காரவைத்து, பழைய பேச்சு, பழைய தீர்ப்பு, சொத்து என்று குடைந்துவிடும். 1987இல் அதிபர் ரேகன் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பிய ராபர்ட் போர்க்கை 58க்கு 42 என்று வேண்டாம் என்றார்கள்.

சின்ன மாமா: குடையலாமே. 2019 திருவிழாக் கணக்கில் ஆரம்பிப்போம்

அத்தை: அதை எதற்கு இப்போது

சின்ன மாமா: ரசீதுப் புத்தகத்தில் நடுவில் இரண்டு தாள் காணோம், கார்பன் பேப்பர் மட்டும் இருக்கிறது

மாப்பிள்ளை: மழையில் நனைந்துவிட்டது சின்ன மாமா, காயவைத்து மைலோ டின்னில் போட்டேன்

ஈப்போ சித்தி: பச்சை டின்னா? போன பொங்கலுக்கு வந்தபோது நான் எடுத்து வந்துவிட்டேனே, பருப்பு போட்டிருக்கிறேன்

அக்கா: 😂😂

பெரிய மாமா: இது அமெரிக்கா இல்லை லா. இங்கே மலேசியாவில் எந்த நீதிபதிக்கு நாடாளுமன்றம் ஓட்டுப் போடுது? பிரதமர் சொல்வார், மாமன்னர் நியமிப்பார்.

கேஎல் தம்பி: அதற்கும் நீதித்துறை நியமன ஆணையம் இருக்கிறது மாமா, 2009 சட்டம். சுல்தான்கள் கூடும் ஆட்சியாளர் மன்றத்தையும் கலந்துதான் மாமன்னர் நியமிப்பார். மாப்பிள்ளைக்குத் தைரியம் வர ஒன்று சொல்கிறேன், 2013இல் ஸ்ரீ சீனிவாசன் என்பவரை வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 97க்கு 0 என்று ஏற்றார்கள். அப்பா திருநெல்வேலிப் பக்கம்.

ஈப்போ சித்தி: நம்ம தாத்தா ஊர்ப் பக்கமா? என்ன ஆட்கள்?

அக்கா: சித்தி!! அதை விடுங்கள். கை சமமாக வந்தால் என்ன செய்வது?

கேஎல் தம்பி: அங்கே துணை அதிபர் ஓட்டுப் போடுவார். 2025 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சராக ஹெக்செத் பெயர் 50-50 என்று நின்றது, வான்ஸ் போட்ட ஓட்டில்தான் கரையேறினார்.

அக்கா: நம் துணைத் தலைவர் யார்?

சின்ன மாமா: மாப்பிள்ளையின் அண்ணன்

பெரிய மாமா: தம்பி, ஞாயிறு வருகிறாயா, அங்கிருந்தே பாடம் நடத்தப் போகிறாயா

கேஎல் தம்பி: லீவு கிடைக்கணும் மாமா

சின்ன மாமா: கூட்டத்தையே தள்ளிப்போட்டால்?

கேஎல் தம்பி: அதுவும் நடந்ததுதான். 2016 மார்ச்சில் அதிபர் ஒபாமா உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பிய மெரிக் கார்லண்டை விசாரணைக்குக்கூடக் கூப்பிடவில்லை, அடுத்த அதிபர் வரும்வரை அப்படியே கிடப்பில் போட்டுவிட்டார்கள்.

சின்ன மாமா: 👍

பெரிய மாமா: தள்ளிப்போட முடியாது, பந்தலுக்கு முன்பணம் கொடுக்கணும். மாப்பிள்ளை புத்தகத்தைக் கொண்டுவரட்டும், மற்றதை அங்கே பேசிக்கொள்வோம்.

ஈப்போ சித்தி: டின்னை நான் கொண்டுவரட்டுமா?

அத்தை: சாப்பாட்டுக்கு எத்தனை பேர், அதைச் சொல்லுங்கள். சைவம்தான்.

சின்ன மாமா: எங்கள் வீட்டில் நாலு பேர். கை தூக்குவதில் எங்களைச் சேர்க்காதீர்கள்